அன்போடு செய்யும் சேவை, பெரியவராக வேண்டும் என்ற ஆசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேவையைப் பற்றிப் பேச்செடுத்தால் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கூட்டத்தில் கேட்கத் தயங்கி, எல்லோரும் கிளம்பிய பிறகு தனியாக வந்து கேட்கிறவைதான் அதிகம். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. எது உறுத்துகிறதோ அதிலிருந்து தொடங்கலாம்.

பெரிய ஆளாக வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. அப்படிப்பட்ட நான் சேவை செய்ய வருவது போலித்தனம் இல்லையா?

இல்லை. அந்த ஆசை துளியும் இல்லாத மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. "எனக்கு எதுவும் வேண்டாம்" என்பவர்கூட, அப்படிச் சொன்னதை நாலு பேர் கவனித்தார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பதுண்டு.

மார்ட்டின் லூதர் கிங் 1968 பிப்ரவரி 4 அன்று அட்லாண்டாவில் தன் தேவாலயத்தில் ஆற்றிய உரை இதைப் பற்றியதுதான். இயேசுவின் சீடர்கள் இருவர் அவருக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்கார இடம் கேட்கிறார்கள். கிங் அந்தக் கதையை எடுத்துக்கொண்டார். முந்தி நிற்கும் ஆசை எல்லோரிடமும் இருக்கிறது, இயேசு அதைக் கிள்ளி எறியச் சொல்லவில்லை, அன்பில் முந்து, பிறருக்கு உழைப்பதில் முந்து என்று திசையைத்தான் மாற்றிவிட்டார் என்று விளக்கினார். அதற்குப் படிப்போ பதவியோ தேவையில்லை என்பதையும் அழுத்திச் சொன்னார். சரியாக இரண்டு மாதம் கழித்து அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்க மெம்ஃபிஸ் போயிருந்த இடத்தில்தான் அது நடந்தது.

ஆகவே ஆசையோடேயே வாருங்கள். அது வேலைக்குள் கரைகிறதா, இல்லை வேலையைக் கரைக்கிறதா என்பது போகப் போகத் தெரிந்துவிடும்.

சேவையால் ஒருவர் பெரியவர் ஆகிறார் என்பது மேடைப் பேச்சா, நிஜமாகவே ஏதாவது மாறுகிறதா?

மாறுகிறது, ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. புகழ் வரலாம், வராமலும் போகலாம். நிச்சயமாக மாறுவது பார்வை. வரிசையில் நிற்கும் பத்துப் பேரில் யாருக்குக் கால் வலிக்கிறது என்று கண்ணில் படத் தொடங்கும். முன்பு படாது. 'என்னுடையவர்கள்' என்று மனம் போட்டு வைத்திருந்த எல்லைக்கோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். பெருமை என்று நான் நினைப்பது அந்தக் கோடு நகர்வதைத்தான்.

இன்னொன்றும் நடக்கும். தனக்காக என்றால் எடுக்கத் துணியாத சிரமத்தை மனிதர் அடுத்தவருக்காக எடுத்துக்கொள்வார். டாக்டர் ஜி. வெங்கடசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1918இல் பிறந்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கியது. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற திட்டம் போயிற்று. கண் மருத்துவத்துக்கு மாறி, அந்தக் கோணல் விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பயின்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. பெயரெடுக்க மட்டும் ஆசைப்பட்டவர் என்றால் விரல் மடங்கிய நாளிலேயே கத்தி பிடிக்கத் தேவையில்லாத வேலைக்குப் போயிருப்பார். பார்வை திரும்ப வேண்டியவர்கள் கண் முன்னால் இருந்ததால் போகவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அன்பு எதற்கு? வேலை ஒழுங்காக நடந்தால் போதாதா?

பல வேலைகளுக்குப் போதும். ரத்தம் கொடுக்கிறவர் அதைப் பெறப் போகிறவரை நேசிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒருவருக்கு என்ன தேவை என்பதே தெளிவாகத் தெரியாத இடங்கள் உண்டு. அங்கே அன்பு இல்லாவிட்டால் வேலையே தப்பாகிவிடும். சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் செவிலியாக இருந்தார். முதுகு வலியால் அந்த வேலையை விட்டு, மருத்துவமனையில் நோயாளிகளின் குடும்பநிலை பார்க்கும் சமூகப் பணியாளரானார். போலந்திலிருந்து வந்து தனியாக வாழ்ந்த, புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்பவரின் படுக்கையருகே 1948இல் உட்கார்ந்து நிறையப் பேசினார். செத்துக்கொண்டிருப்பவருக்கு எது வேண்டும் என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பேச்சுதான். வலி குறைய வேண்டும். அதோடு, தன் வாழ்க்கைக்கு ஏதோ ஒரு பொருள் இருந்தது என்றும் தெரிய வேண்டும்.

அந்தக் காலத்தில், இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மருத்துவர்கள் படுக்கையைத் தாண்டிப் போய்விடுவார்கள். இவர்களைக் கைவிடுவது மருத்துவர்கள்தான், அதனால் நீ மருத்துவம் படி என்று ஒரு அறுவை மருத்துவர் சாண்டர்ஸிடம் சொன்னார். முப்பது வயதுக்கு மேல் கல்லூரியில் சேர்ந்து 1957இல் மருத்துவரானார். வலி வந்து நோயாளி கெஞ்சும் வரை காத்திருக்காமல், நேரப்படி மருந்து கொடுத்து வலியை வரவிடாமலே பார்த்துக்கொள்வது என்ற முறையை வலியுறுத்தினார். 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற பராமரிப்பு இல்லத்தைத் திறந்தார். இன்று உலகமெங்கும் நடக்கும் வலி தணிப்புச் சிகிச்சைக்கு அது ஒரு பெரிய தொடக்கம்.

மாத்திரையை நேரத்துக்குக் கொடு என்பது மருத்துவ விதிதான். ஆனால் கெஞ்ச வைப்பதே ஒரு வலி என்று கண்டுபிடித்ததற்கு அன்பு வேண்டியிருந்தது.

சரி, அன்பு இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் விளக்கை ஏந்தி இரவில் நடக்கும் உருவம்தான் நினைவுக்கு வரும். 1854இல், கிரிமியப் போர் நடந்தபோது, துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக்குப் போன அவரும் அவருடைய செவிலியர்களும் இரவு பகலாக உழைத்தார்கள். ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் வீரர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு கழிவுநீர்க் கால்வாய்களைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி பண்ணிய பிறகுதான் சாவு வேகமாகக் குறைந்தது. போர் முடிந்து ஊர் திரும்பியதும் நைட்டிங்கேல் எண்களோடு உட்கார்ந்தார். பெரும்பாலோரைக் கொன்றது காயம் இல்லை, தடுத்திருக்கக்கூடிய நோய்கள் என்பதை 1858இல் வரைபடமாகவே போட்டுக் காட்டினார். படுக்கையிலிருந்தபடியே பல ஆண்டுகள் சீர்திருத்தத்துக்காக எழுதினார். விளக்கைவிட அந்த வரைபடம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எனக்கு அந்த அன்பே பொங்கவில்லையே?

பொங்க வேண்டும் என்று யார் சொன்னது? கொல்கத்தாவில் இறந்துகொண்டிருப்பவர்களைப் பராமரித்த அன்னை தெரசாவின் அந்தரங்கக் கடிதங்கள் அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து 2007இல் வெளியானபோது பலர் அதிர்ந்தார்கள். உள்ளே வறட்சியும் இருட்டுமாக, கடவுளின் அருகாமையே தெரியாமல் பல பத்தாண்டுகள் வாழ்ந்ததாக எழுதியிருந்தார். வெளியே ஒரு நாளும் வேலை நிற்கவில்லை. அவரைப் பற்றிய மற்ற விமர்சனங்கள் இருக்கட்டும். உணர்வு வற்றிய பிறகும் நடத்தை தொடர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கடினம்.

நடைமுறையில் அன்பு என்பது சின்னச் சின்ன காரியங்கள்தான். பெயரைக் கேட்டு நினைவில் வைப்பது. அவர் உட்கார்ந்திருந்தால் நாமும் உட்கார்ந்து பேசுவது. சொன்ன நேரத்துக்குப் போவது. முடியாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது. எரிச்சல் வரும் நாளில் குரலை உயர்த்தாமல் இருப்பது. இவ்வளவையும் உள்ளம் உருகாமலே செய்யலாம். செய்துகொண்டிருந்தால் உருக்கம் சில சமயம் பின்னாலேயே வரும்.

எங்கே தொடங்குவது?

உங்களுக்குப் பிடித்த இடத்தில் தொடங்குங்கள், அவர்களுக்குத் தேவையான இடத்துக்கு நகருங்கள். ஜேன் ஆடம்ஸும் எல்லன் ஸ்டாரும் 1889இல் சிகாகோவில் புலம்பெயர்ந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற வீட்டில் குடியேறினார்கள். இலக்கியமும் கலையும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற ஆர்வத்தோடு போனவர்கள். அக்கம்பக்கத்துத் தாய்மார்களுக்கு முதலில் வேண்டியிருந்ததோ, வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட ஓர் இடம். குழந்தைகள் பள்ளி வந்தது. அடுத்துத் தெருவில் மலைபோல் கிடந்த குப்பை. 1895இல் ஆடம்ஸ் அந்த வட்டாரத்தின் குப்பை ஆய்வாளர் பதவியை ஏற்று, விடியற்காலையில் குப்பை வண்டிகளின் பின்னாலேயே போய்ச் சரிபார்த்தார். 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர்.

நீங்கள் வசிக்கும் இடத்தில், எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகும் வேலை எது? அநேகமாக அங்கேதான் ஆள் தேவைப்படும். புகைப்படம் எடுக்க நன்றாக இருக்கும் வேலைக்கு ஏற்கெனவே ஆட்கள் இருப்பார்கள்.

எனக்கு நேரமே இல்லை.

இதை நான் சாக்கு என்று தள்ளமாட்டேன். ஜான் டார்லி, டேனியல் பாட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் 40 மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். வழியில் ஒருவர் தலை தொங்கி, இருமிக்கொண்டு கிடந்தார். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். மிகவும் அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். வேடிக்கை என்னவென்றால், அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதையைப் பற்றித்தான் சிலர் பேசப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தத் தலைப்பு பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை.

நல்ல எண்ணத்தைவிட நாட்குறிப்பில் இருக்கும் இடைவெளி அதிகம் உதவுகிறது என்று இதைப் படிக்கலாம். ஆகவே "இன்னும் நல்லவனாக வேண்டும்" என்று தீர்மானம் எடுப்பதைவிட, வாரத்தில் ஒரு மாலையில் எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது பலன் தரும்.

பணம் கொடுத்தால் போதாதா?

சில நேரம் அதுதான் சிறந்த உதவி. நீங்கள் நேரில் போய்த் தடுமாறுவதைவிட, தெரிந்தவர் கையில் பணம் போய்ச் சேர்வது நல்லது. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் கொடைக்கு எட்டுப் படிகள் வகுத்தபோது, உச்சியில் வைத்தது பெரிய தொகையை இல்லை. கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ தந்து, அவர் இனி யாரிடமும் கையேந்தாதபடி செய்வதை வைத்தார். அதற்குப் பணத்தோடு உங்கள் காலமும் கொஞ்சம் போகும்.

செய்ததை வெளியே சொல்லலாமா? படம் போடலாமா?

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். ஆனால் வெளியே தெரிந்தால்தான் இன்னும் நாலு பேர் வருவார்கள் என்பதும் உண்மை. வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். உதவி பெற்றவரின் முகத்தைப் போடாதீர்கள். அவர் சம்மதித்தார் என்பீர்கள். உங்கள் கையில் இருப்பது தேவைப்படும் நேரத்தில் அவரால் எப்படி மறுக்க முடியும்?

நன்றியே சொல்வதில்லை. வெறுத்துப் போகிறது.

வெறுக்கும்தான். மறைக்க வேண்டாம். ஆனால் அவர் பக்கம் நின்று பாருங்கள். ஒவ்வொரு வேளையும் நன்றி சொல்லியே வாழ வேண்டியிருப்பது எவ்வளவு களைப்பு! நன்றி சொல்லாமல் எடுத்துக்கொள்ளும் உரிமை குடும்பத்தில்தான் உண்டு. அவர் உங்களிடம் அதை எடுத்துக்கொண்டால் அதை அவமரியாதையாகக் கொள்ள வேண்டியதில்லை.

ஏமாற்றிவிட்டார்கள் என்றால்?

அடுத்த முறை விசாரித்துச் செய்யுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடத்தான் வேண்டும். ஒருவர் ஏமாற்றியதற்காக அடுத்தவரிடம் முகத்தைச் சுளிக்காதீர்கள், அவ்வளவுதான்.

நான் உதவ உதவ, அவர்கள் என்னையே நம்பி உட்கார்ந்துவிடுகிறார்கள். இது நல்லதா?

இதுதான் நான் மிக முக்கியமாக நினைக்கும் கேள்வி. ராபர்ட் கிரீன்லீஃப் ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் மேலாளர்களோடு வேலை பார்த்துவிட்டு, தொண்டு மனத்தோடு தலைமை தாங்குவதைப் பற்றி 1970இல் எழுதினார். அவர் வைத்த சோதனையின் சாரம் இது: உங்கள் சேவையைப் பெற்றவர்கள் மனிதர்களாக வளர்ந்தார்களா? முன்னைவிட ஆரோக்கியமாக, அறிவாக, சுதந்திரமாக ஆனார்களா? அவர்களும் பிறருக்குச் சேவை செய்யும் நிலைக்கு வந்தார்களா?

உங்கள் மனதில் இருக்கும் பெருமையை இந்தச் சோதனை கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். சிலர் தெரியாமலே அடுத்தவரைச் சின்னவராக வைத்திருப்பதால் பெரியவராக இருக்கிறார்கள். "நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது" என்று ஒருவர் பூரிப்போடு சொன்னால், அங்கே ஏதோ சரியில்லை. ஒருவர் தானே செய்ய முடிகிற காரியத்தை மெதுவாகவோ கோணலாகவோ செய்யும்போது, கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பது மிகக் கடினமான சேவை. "இனி நீங்கள் வர வேண்டாம்" என்று அவர் சொல்லும் நாள் வந்தால், கொஞ்சம் வலிக்கும். அந்த வலி நீங்கள் சரியாகச் செய்ததற்குக் கிடைத்த கூலி.

களைத்துப்போய்விட்டேன். யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது.

நீங்கள் கெட்டவராகிவிடவில்லை. உழைப்பால் உள்ளே எரிந்து தீர்ந்துபோகும் இந்த நிலையைப் பற்றி 1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் எழுதிய கட்டுரை பிறந்ததே இலவச மருத்துவ மையங்களில்தான். பகலில் தன் தொழில், மாலையில் நியூயார்க்கில் இலவச மையம் என்று இருந்த அவர், ஆர்வமாக வந்த தொண்டர்கள் சில மாதங்களில் வதங்குவதைப் பார்த்தார். தானும் வதங்கினார். அதிகமாக அர்ப்பணித்தவர்களுக்கே இது அதிகம் வந்தது. பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் இதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தார்: உணர்வு வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் ஒரு கேஸாகப் பார்ப்பது, எதைச் சாதித்தோம் என்ற சலிப்பு. இரண்டாவது வந்துவிட்டால் நிறுத்துங்கள். அந்த மனநிலையில் செய்யும் சேவை அவரையும் காயப்படுத்தும்.

ஓய்வு எடுப்பது மட்டும் மருந்தாகாது. வேலையைப் பங்கு போட ஆள் வேண்டும். நடந்ததைச் சொல்லிப் புலம்ப ஒருவராவது வேண்டும். எது உங்கள் பொறுப்பு, எது இல்லை என்ற கோடு வேண்டும். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பதைச் சுயநலத்துக்குச் சாக்காகச் சொல்பவர்கள் உண்டு. இந்த இடத்தில் மட்டும் அது நேரான அறிவுரை.

வீட்டில் நோயாளியையோ குழந்தையையோ பார்த்துக்கொள்வது சேவையில் சேருமா?

சேரும், அதுவும் கைதட்டல் இல்லாத சேவை. ஆனால் ஒரு எச்சரிக்கை. பல வீடுகளில் இந்தச் 'சேவை' ஒரே ஒருவர் தலையில், பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில், கட்டப்பட்டு, பிறகு தியாகம் என்று புகழப்படுகிறது. நெட்டா வைன்ஸ்டீன், ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, விரும்பிச் செய்யும் உதவி செய்பவருக்கும் பெறுபவருக்கும் நிறைவு தருகிறது. நிர்ப்பந்தத்தால் செய்வதில் அந்தப் பலன் கிடைப்பதில்லை. ஆகவே வீட்டில் யாரையாவது "உன்னைப் போல் உண்டா" என்று புகழும் முன், அவருக்கு வேண்டாம் என்று சொல்ல வழியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புகழ்வதை விட்டுவிட்டு இன்றிரவு நீங்கள் கண்விழியுங்கள்.

சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தால் அது சேவையா?

ஆம். 'சேவை மனப்பான்மை வேண்டும்' என்று சொல்லிக் கூலியைக் குறைக்கும் இடங்களை நம்பாதீர்கள்.

இப்போது நானே பிறர் உதவியில் வாழ்கிறேன். எனக்கு இதில் இடம் உண்டா?

மேலே சொன்ன டேவிட் டாஸ்மாவை மறுபடி பாருங்கள். சாகக் கிடந்தவர், துணைக்கு ஒருவரும் இல்லாதவர். தன் பயத்தையும் ஏக்கத்தையும் ஒளிக்காமல் சமூகப் பணியாளரான சாண்டர்ஸிடம் சொன்னார், கையிலிருந்த 500 பவுண்டை சாண்டர்ஸின் எதிர்கால இல்லத்துக்கு எழுதிவைத்தார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து எழுந்த இல்லத்தில் டாஸ்மாவின் பங்கு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? உதவியை மரியாதையோடு பெறுவதும், 'இப்படிச் செய்தால் எனக்கு வலிக்கிறது, அப்படிச் செய்யுங்கள்' என்று தெளிவாகச் சொல்வதும் அடுத்த நோயாளிக்கு நீங்கள் செய்யும் சேவை.

ஊரே என்னைப் பெரியவர் என்கிறது. இப்போது என்ன செய்வது?

உங்கள் முகத்துக்கு நேரே "இது தப்பு" என்று சொல்லக்கூடிய இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகத்தை வேறொருவர் பார்க்கட்டும். மாதம் ஒருமுறையாவது, புதிதாக வந்த தொண்டருக்குக் கொடுக்கும் வேலையை நீங்களே செய்யுங்கள்.

வயதாகிவிட்டது. இனிமேல் தொடங்கலாமா?

வெங்கடசாமி மருத்துவமனையைத் தொடங்கியது பணி ஓய்வுக்குப் பிறகு. உங்களுக்கு மருத்துவமனை வேண்டியதில்லை. ஓடியாடும் வேலையை இளையவர்களிடம் விடுங்கள். கேட்டுக்கொண்டிருப்பது, எழுத்து வேலை, படிவம் நிரப்பித் தருவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, தொலைபேசியில் தினம் ஒருவரை விசாரிப்பது ஆகியவற்றுக்கு எங்கும் ஆள் போதவில்லை. ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையில் போய்ச் சேருங்கள். முதல் சில வாரம் யோசனை எதுவும் சொல்லாமல் கொடுத்ததைச் செய்யுங்கள். அனுபவம் உள்ளவர்களுக்கு இதுதான் கஷ்டம், தெரியும்.